திரும்பி வந்த மூன்று சேலைகள்

விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடும். டிக்கெட் வைத்திருப்பவர்கள் மட்டும் உள்ளே போகலாம். நான் வெளியே, தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்திருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். காலை வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்தது.

உள்ளேயிருந்து காக்கி உடுப்புப் போட்ட ஒரு பெண் வந்தார். தமிழ் தெரியாதவர். என்னைப் பார்த்தார், கண்ணாடிக்கு உள்ளே திரும்பிப் பார்த்தார், நான்தான் என்று உறுதி செய்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பைக்குள் என்னுடைய சேலைகள், மூன்று. முந்தின நாள் நான் மடித்து வைத்தவை. இப்போது வேறு யாரோ பிரித்து, வேறு மாதிரி மடித்திருந்தார்கள். என் மடிப்பு எனக்குத் தெரியாதா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி செல்வி நின்றாள். ஏழு மாத வயிறு. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து வைத்திருந்தாள். கழுவிய கையைத் துடைக்கத் துணியில்லாமல் காயவைக்கிறவள் மாதிரி. நான் கையசைத்தேன். அவள் அந்தக் கையைத் தூக்கவில்லை.

அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவள் என்பது இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

புதுத்துணி ஆகாது

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டோம். புதுத்துணியில் கஞ்சி மொடமொடப்பு இருக்கும். பச்சைத் தோலில் உராயும். கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, நைந்துபோன நூல் சேலையைக் கிழித்துத்தான் பிள்ளைக்கு முதல் துணி. தொட்டில் கட்டவும் அதுதான். அது பெற்றவளுடைய தாய் வீட்டிலிருந்து வர வேண்டும்.

இந்தக் காலத்தில் நூல் சேலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளுக்கு வாருங்கள். எங்களிடம் அது மட்டும்தான் இருக்கும்.

பயர் ஆபீஸுக்கு, அதாவது பட்டாசுக் கம்பெனிக்கு, நூல் சேலைதான் கட்டிப் போக வேண்டும். நைலான், பாலியஸ்டர் என்றால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உரசினால் பொறி பறக்கும். வளையல், கொலுசு, சேலையில் குத்தும் ஊக்கு எல்லாம் கழற்றிவிட வேண்டும். செருப்பு வெளியே. போன் வாட்ச்மேனிடம், அவர் அதற்கென்று ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார். வேலை செய்யும் அறைக்குள் நுழையும் முன்னால் வாசலில் அடித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்கிவிடுமாம்.

என்னோடு வேலை பார்க்கும் கனகு, புதிதாக வந்து சேரும் பெண்களிடம் சொல்வாள்: “மாமியாட்ட சண்ட போட்டுட்டு வந்திருந்தா மட்டும் ரெண்டு தடவ தொடு தாயி.”

எனக்குச் சரவெடி பின்னுகிற வேலை. ஒவ்வொரு வெடியின் திரியையும் இழுத்து, நடுத்திரியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். திரியில் மருந்து பூசியிருக்கும். மருந்து என்றால் உங்களுக்குக் காய்ச்சல் மாத்திரை. எங்களுக்கு வெடி உப்பும் கந்தகமும் கரியும். விரலெல்லாம் கறுத்துப் போகும். மூக்கு அரித்தால் அந்த விரலால் தொட முடியாது. முந்தானையில் துடைத்துத் துடைத்துக்கொள்வோம். அதனால் எங்கள் முந்தானைகளுக்கு ஒரே நிறம்தான். கடையில் வாங்கும்போது எந்தக் கலரில் வாங்கினாலும் சரி.

வேலை விட்டு வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவோம். பிள்ளை எவ்வளவு கத்தினாலும் குளிக்காமல் தொடமாட்டோம்.

பாதிப் பாதிக் கதைகள்

இங்கே ஒரு கிளைக்கதை. போன வாரம் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஓர் அம்மா பேசினார். “ஏழாம் வகுப்போடு நின்றவள் என்கிறீர்கள், எழுத எப்படிக் கற்றீர்கள்?” என்று கேட்டார்.

வெடிக்குக் குழாய் சுருட்டப் பழைய காகிதம் மூட்டை மூட்டையாக வரும். பழைய பாடப்புத்தகம், வார இதழ், கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள் என்று எல்லாம் அதில் இருக்கும். வெட்டுவதற்கு முன் படிப்பேன். ஒரு கதையின் நடுப்பக்கம் கிடைக்கும். முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது. ஒரு பெண் ரயிலுக்குக் காத்திருப்பாள். ரயில் வந்ததா, அவள் ஏறினாளா என்பது வேறொரு மூட்டையில் போயிருக்கும். அவளை அப்படியே சுருட்டிக் குழாயாக்கிவிட்டு அடுத்த தாளை எடுப்பேன். முடிவு தெரியாமல் எத்தனை பேரை நான் சுருட்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

அதே மாதிரி ஜனங்கள் பேசுவதையும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். “நீ காதால சாப்பிடுறவ,” என்பார். அவர் வாயால் சாப்பிடுவதோடு சரி. பேச அதைப் பயன்படுத்துவது குறைவு.

முன்னாலா பின்னாலா

எங்கள் அம்மா போனது ஒரு வெடி விபத்தில். தொடரின் ஆரம்பத்தில் அதை எழுதிவிட்டேன். மறுபடி எழுதத் தெம்பில்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும்: செல்வி அப்போது குப்புற விழக்கூடப் பழகவில்லை. நான் பாவாடை சட்டை போட்ட பிள்ளை. அம்மாவின் பழைய சேலையில் தொட்டில் கட்டி அவளை ஆட்டினேன். எனக்கும் அவளுக்கும் உள்ள உறவு அங்கேதான் தொடங்கியது.

செல்வி நன்றாகப் படித்தாள். எங்கள் தெருவில் இருக்கும் ரூபி டீச்சர்தான் அவளை நர்ஸிங் படிக்கச் சொன்னவர், சேர்த்தும் விட்டவர். விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை பார்த்த பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். மதுரைப் பையன், நல்ல பிள்ளை. சூலக்கரையில் வாடகைக்கு வீடு பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு இருக்க, அவ்வளவு தள்ளி எதற்கு என்று கேட்டேன்.

“அங்கன வெடிச் சத்தம் கேக்காதுக்கா,” என்றாள்.

பிரபுவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போனான். அவன் போன பிறகுதான் செல்வி முழுகாமல் இருப்பது தெரிந்தது. அவளுக்கான விசா வந்தபோது ஆறாம் மாதம்.

அப்போது வந்தது அந்தக் கேள்வி. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் போவதா, பிறந்த பிறகு போவதா?

முன்னால் போவதென்றால் உடனே போக வேண்டும். ஏழாம் மாதம் தாண்டிவிட்டால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிரபு பக்கத்தில் இருப்பான், பிள்ளையை முதலில் அவன் பார்ப்பான். ஆனால் அங்கே வேறு யாரும் இல்லை. பேறுகாலம் பார்க்க நான் போகலாம் என்றால் எனக்கு விசா எங்கே, பாஸ்போர்ட் எங்கே?

பின்னால் போவதென்றால் தலைப்பிரசவம் முறைப்படி எங்கள் வீட்டில். தாய் வீடு என்று அவளுக்கு இருப்பது என் வீடுதானே. ஆனால் பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்குக் காத்திருந்து, ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றான் பிரபு. அதுவரை அவன் அங்கே, இவர்கள் இங்கே.

தெருவே இதைப் பற்றிப் பேசியது. கனகு சொன்னாள்: “முன்னாடி போனா பிள்ள டிக்கெட் எடுக்காம வயித்துக்குள்ள போயிரும். பின்னாடி போனா அதுக்கும் ஒரு சீட்டுக் கேப்பாக. யோசிச்சுக்கோ.”

ரூபி டீச்சர், “புருசன் பொண்டாட்டி முடிவு. நாம ஜெபம் பண்ணலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது,” என்றார்.

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, “எப்பப் போனாலும் போறது போறதுதான,” என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். அன்று முழுக்க அது என் நெஞ்சில் கிடந்தது.

எனக்கு அவள் இருக்க வேண்டும். பெற்று, குளிப்பாட்டி, பத்தியச் சோறு போட்டு, நாற்பது நாள் கழித்து, பிறகு போகட்டும். வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் கருப்பட்டியும் சுக்கும் வாங்கிப் பானையில் போட்டு வைத்தேன். அவள் வந்தால் பார்க்கிற இடத்தில்தான் வைத்தேன்.

சத்தம்

ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவளை எங்கள் ஊர் விஸ்வநத்தத்துக்கு வரச் சொன்னேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்து, வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் காராச்சேவு தின்றுகொண்டிருந்தாள். பானையைப் பார்த்துவிட்டாள் போல.

“சுக்கு எதுக்குக்கா இம்புட்டு?”

“சளிக்கு.”

“யாருக்குச் சளி?”

“வந்தா வேணும்ல.”

சிரித்தாள். “பொய் சொல்லக்கூட உனக்குப் பொழுது இல்லையாக்கா? பயர் ஆபீஸ்ல ஓவர் டைமா?”

அப்போது சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். முதலில் யாரும் பேச மாட்டார்கள். அடுத்த சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். தொடர்ந்து வந்தால் அது ஒரு விஷயம். ஒன்றோடு நின்றால் வேறு விஷயம். பிறகு எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று. அதன் பிறகு போன். போனை எடுப்பவர்கள் எடுப்பார்கள். வேலையில் இருக்கிறவர்களின் போன் கேட்டில் பெட்டிக்குள் கிடக்கும். அதனால் அது அடித்துக்கொண்டே இருப்பதில் ஓர் அர்த்தமும் இல்லை. அது தெரிந்தும் அடிப்பார்கள்.

தெரு முழுக்க நின்றோம். புகை இல்லை. கொஞ்ச நேரத்தில் மூலை வீட்டுக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, “ஒண்ணுமில்ல, ஆனைக்குட்டம் பக்கம் சாம்பிள் வெடிச்சுப் பாத்திருக்காக. எல்லாரும் போயி வேலையப் பாருங்க,” என்றார். மூச்சு வந்தது. ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி அடுப்பில் பால் வைத்தது நினைவு வந்து ஓடினாள்.

செல்வி எழுந்திருக்கவில்லை. காராச்சேவு படியெல்லாம் சிதறிக் கிடந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“சாம்பிள்தான் தாயி,” என்றேன்.

“எனக்குத் தெரியும்க்கா. உள்ள இருக்கிறதுக்குத் தெரியாதுல்ல. துள்ளிருச்சு.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அப்போது அடங்கியிருந்தது. அவள் கை மட்டும் சூடாக இருந்தது.

“நாம எல்லாம் சத்தம் கேட்டா இப்படி நிப்போம்ல, அக்கா. பேசாம, மேல பாத்துக்கிட்டு. அது பொறந்து, நடக்கப் பழகி, நம்மளப் பாத்து அதுவும் இப்படி நிக்கப் பழகும். நான் பழகுன மாதிரி.”

நான் படியில் சிதறிய காராச்சேவைப் பொறுக்கத் தொடங்கினேன்.

“எனக்கு உன்ட்டதான் பிள்ள பெறணும்க்கா. உன் கை மேல விழணும். ஆனா இந்த மருந்து வாடை அதுக்கு வேண்டாம். நான் முன்னாடியே போறேன்.”

போ என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் சொன்னதில் ஒரு பிசகு இருந்தால் பிடித்துத் தொங்கலாம். இல்லை.

சுக்கைப் பிறகு ரூபி டீச்சர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே யாருக்கோ நிஜமாகவே சளி.

வெறுங்கைகள்

ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு வைத்தோம். சீசன் நேரம், தீபாவளி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் லீவு கிடையாது. அதனால் சாயங்காலம். எங்கள் யூனிட் பெண்கள் வேலை விட்டு, அவரவர் வீட்டில் குளித்து, ஈரத் தலையோடு வந்தார்கள். பகல் முழுக்க வெறுங்கையாக இருப்பவர்கள், அன்று ஆளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். வீடு கலகலவென்று இருந்தது. பேச்சைக் காட்டிலும் வளையல்தான் அதிகம் சத்தம் போட்டது.

கனகு செல்வியின் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு, “அங்கன குளுருமாம்ல. பிள்ளைக்கு நம்ம ஊரு வெயில ஒரு டப்பால அடைச்சுத் தாரேன், கொண்டு போ,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு செல்வி என் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

“என்னத்தா தேடுற?”

“அங்கன எல்லாம் கிடைக்கும்க்கா. பிள்ளைக்கு மெத்தையில இருந்து மிட்டாய் வரைக்கும் பிரபு வாங்கி வச்சிருக்காரு. பழைய சேல மட்டும் எந்தக் கடையிலயும் கிடைக்காது.”

என் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இருப்பதிலேயே மெத்தென்று இருந்த மூன்றை அவளே பொறுக்கினாள். நான் அவற்றை வாங்கி, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயப்போட்டு, மறுபடியும் அலசி, மடித்துக் கொடுத்தேன். பெரிய பெட்டியில் போடவில்லை. கையில் வைத்துக்கொள்கிற பையில் வைத்தாள். வழியில் தலைக்கு வைத்துப் படுக்கவும் ஆகும் என்றாள்.

மற்றதையெல்லாம் நாங்கள் எவ்வளவு யோசித்தோம் தெரியுமா? பிள்ளை பிறந்தால் கொளுத்த ஒரு பெட்டி மத்தாப்பு கொண்டு போ என்று கனகு கொடுத்ததை, அவள் மனம் நோகாமல் திருப்பிக் கொடுத்தோம். பையில் தீப்பெட்டி ஏதும் ஒட்டிக்கொண்டு போய்விடப் போகிறதென்று உதறிப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் தன் லோடு வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றார். “தினமும் வெடி ஏத்துற வண்டில ஏர்போட்டுக்கா, நல்லா இருக்கும்,” என்று செல்வி சிரிக்க, வாடகைக் கார் பேசினோம். அவரைச் சட்டை மாற்ற வைத்தோம். பீடி லைட்டரைப் பிடுங்கி வைத்தோம்.

சேலையை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அது துணிதானே. துவைத்த துணி.

கழுவக் கழுவ

செல்வி உள்ளே போனதும் நாங்கள் கிளம்பலாம் என்றிருந்தோம். போன் வந்தது.

“அக்கா, போயிராத. வாசல்லயே நில்லு.”

“என்னத்தா, வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல. நில்லு.”

நடந்ததை அவள் பிறகுதான் சொன்னாள். அங்கே ஒரு சின்னத் துணித்துண்டால் பையைத் துடைத்து ஒரு மெஷினில் வைப்பார்களாம். வெடிமருந்து பட்டிருந்தால் அது கூவும். இவள் பைக்குக் கூவியிருக்கிறது. தனியாக உட்காரவைத்து, பையைக் கொட்டி, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்திருக்கிறார்கள். சேலை மூன்றுக்கும் கூவியது. அதிகம் கூவியது முந்தானைக்கு.

அதிகாரி ஒருவர் தமிழ்க்காரர். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். சிவகாசிப் பக்கம், விஸ்வநத்தம் என்றிருக்கிறாள். யாருடைய சேலை என்று கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறாள். அவர் சேலைகளைத் திரும்ப மடித்துக்கொண்டே, “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இதை நான் உள்ளே விட முடியாது,” என்றாராம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி என்று நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார்.

பிறகு அவள் கையைத் துடைத்து மெஷினில் வைத்திருக்கிறார்கள். அதற்கும் கூவியது.

கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். கழுவினாள். மறுபடி வைத்தார்கள். மறுபடி கூவியது. மறுபடி கழுவினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். புது வளையல்களை மேலே ஏற்றிவிட்டுத் தேய்த்தாள். கடைசியில் மெஷின் பேசாமல் இருந்தது. அப்போதுதான் அந்தக் காக்கிப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி அந்த ஈரக் கையோடு நின்றாள். எதையும் தொடப் பயந்துபோய் நின்றிருக்கிறாள். எனக்கு அப்போது தெரியாது. கோபமோ என்று நினைத்தேன்.

வீடு வரும்வரை பை என் மடியில் இருந்தது. வீட்டுக்காரர் வழியில் டீ வாங்கித் தந்தார். ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே ஊற்றினேன்.

மறுநாள் அந்தச் சேலைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மற்ற இரண்டும் அடுத்தடுத்த நாள் முறைக்கு வந்தன. அவை அதற்குத்தானே இருந்தன.

பெட்டிக்குள் அடித்த போன்

பிள்ளை பிறந்த அன்று நான் சரம் பின்னிக்கொண்டிருந்தேன். வலி எடுத்ததும் செல்வி எனக்குத்தான் அடித்திருக்கிறாள். மறுபடியும் மறுபடியும். போன் கேட்டில் மரப்பெட்டிக்குள் கிடந்து கத்தியிருக்கிறது. சாயங்காலம் வெளியே வந்தபோது வாட்ச்மேன், “தாயி, இன்னைக்கு உன் போனு ஓயவே இல்ல, என்னான்னு பாரு,” என்றார்.

பார்த்தேன். அதற்குள் பிரபு போட்டோ அனுப்பிவிட்டான். பையன்.

எல்லோரும் பிள்ளையின் மூக்கைப் பார்ப்பார்கள், கலரைப் பார்ப்பார்கள். நான் துணியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரித் துணி, வெள்ளை, ஓரத்தில் மடிப்புக் கலையாமல். கேட் ஓரத்தில் நின்று, கறுத்த விரலால் தொடாமல், போனை மணிக்கட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். குளிக்காமல் பிள்ளையைத் தொடக் கூடாதில்லையா.

சில நாள் கழித்து செல்வி பேசினாள். பால் கட்டிக்கொண்டு கஷ்டப்படுவதைச் சொன்னாள், யாருமே பேசாத அறையில் இருப்பதைச் சொன்னாள். பிறகு அந்த மெஷின் கதையை அன்றுதான் முழுசாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, “என் கையிலயும் இருந்துச்சுக்கா,” என்றாள். எந்த மருந்து பிள்ளைக்கு வேண்டாம் என்று போனாளோ, அதைத்தான் சொன்னாள். எனக்கு விளங்கியது.

மதுரையில் ஒரு மத்தியானம்

போன கோடையில்தான் அவர்கள் முதல்முறையாக ஊருக்கு வந்தார்கள். மதுரையில் பிரபுவின் அப்பா அம்மா வீட்டில் தங்கினார்கள். பையன் கவின் நன்றாக நடக்கிறான், பேசுகிறான். போனில் என்னைப் பார்த்துப் பெரியம்மா என்பான்.

“வீட்டுக்கு எப்பத்தா வர்ற?” என்று கேட்டேன்.

“வரேன்க்கா,” என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, “நான் மட்டும் ஒருநாள் வரேன். அவன அங்கன...” என்று இழுத்தாள்.

“நானே வரேன். பஸ்ஸுதான,” என்றேன். இழுத்ததை அவள் முடிக்க வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன்.

சிவகாசிக் கடையில் ஒரு புதுச் சேலை எடுத்தேன். வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேராக ரூபி டீச்சர் வீட்டில் கொடுத்து வைத்தேன். என் ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு ராத்திரிகூட அது இருக்கக் கூடாது. போகிற அன்று காலையில் டீச்சர் வீட்டிலேயே குளித்தேன். அவர் வீட்டு சோப்பு, அவர் வீட்டுத் துண்டு. நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. டீச்சர் எலுமிச்சை மூடியை எடுத்து வந்து, என் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு நகமாகத் தேய்த்துவிட்டார்.

“போதும் டீச்சர்.”

“இரு. இன்னொரு விரல்தான்.”

மதுரையில் கவின் என்னைப் பார்த்ததும் முதலில் அவன் அம்மாவின் காலுக்குப் பின்னால் போனான். பிறகு வந்தான். போனில் தெரிந்ததைவிடக் கறுப்பாக, எங்கள் அம்மா மாதிரி நெற்றியோடு இருந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவனாகவே என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டான். செல்வி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் ஓர் அறையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

கண்ணை மூடினான். கன்னத்தை என் மடியில் வைத்துத் தேய்த்தான். திரும்பிப் படுத்தான். மறுபடி தேய்த்தான். எழுந்து உட்கார்ந்து, “குத்துது,” என்று சிணுங்கினான். கன்னத்தில் சேலையின் வரி வரியாகச் சிவப்பு.

செல்வி அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, பழைய உரிமையில், சிரிப்போடு சொன்னாள்: “என்னக்கா நீ, புதுச் சேலையக் கட்டிட்டு வந்திருக்க. மெத்துனு ஒரு பழைய சேல கட்டிட்டு வந்திருக்கலாம்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் விரல்களைப் பார்த்தாள். எலுமிச்சை தேய்த்ததில் நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது.

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் பேச்சைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். விரல்களை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து வந்து, உதறி, இரண்டாக மடித்து, என் மடிமேல் விரித்தாள். பிள்ளையைத் தூக்கி அதன்மேல் படுக்கவைத்தாள்.

அவன் உடனே தூங்கிவிட்டான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நான் காலை அசைக்கவில்லை.